வெள்ளச்சியின் எட்டுப் பலாவும் தாழ்கணவாயும்

பெயர்: வெள்ளச்சி. வயது: நாற்பத்து நான்கு. ஊர்: கல்வராயன் மலையிலுள்ள புளியங்கொட்டாய். உடைமை: ஒன்றரை ஏக்கர் சாமை நிலம், ஆறு பலா மரங்கள். நாள்: 11 ஜூலை 2023. விடியலிலிருந்து மழை.

புளியங்கொட்டாயிலிருந்து வடக்கனந்தல் சந்தைக்கு இறங்க வழிகள் இரண்டு. ஒன்று, மலைமுகட்டைச் சுற்றும் ஜீப் பாதை. மற்றொன்று, இரு குன்றுகளுக்கு இடையே பள்ளமாகச் செல்லும் தாழ்கணவாய். முகட்டில் காற்றும் மூட்டமும் மிகுந்த நாளிலும் அதில் நடக்கலாம். ஓடையை எங்கே கடப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அன்று வெள்ளச்சியின் எட்டுப் பலாப்பழங்கள் வெடிக்கும் பதத்தில் இருந்தன. அடுத்த சந்தைவரை தாங்கா. ஏழு பயணிகள் அமர்ந்திருந்த முருகவேலின் ஜீப்பில் அவற்றை ஏற்றினார்.

“நீங்களும் ஏறுங்கக்கா. மழையில எதுக்கு நடந்துகினு?” என்றார் முருகவேல்.

“பழம் போவட்டும். உன் ஜீப்பு மேல எனக்கு நம்பிக்க கம்மி, தம்பி.”

மூன்றாவது வளைவில் ஜீப் அச்சுவரை சேற்றில் இறங்கியது. தாழ்கணவாய்ப் பாதை பிரிவதும் அங்கேதான். கால் மணி நேரத்தில் வெள்ளச்சி வந்து சேர்ந்தார். பயணிகள் வழிகாட்டச் சொல்லிக் கெஞ்சினர்.

கணவாய் உச்சியிலுள்ள கல்லின்மேல் பச்சைத் தழை ஒன்றை வைத்துவிட்டுக் கடப்பது மலையின் வழக்கம். வெள்ளச்சி முகத்தை இறுக்கிக்கொண்டார்.

“வெறுங்கையோட கணவாயத் தாண்டக் கூடாது. ஆளுக்கு ஒரு பழம் தூக்குங்க.”

பயணிகளுள் ஒருவரான கரியன் அதே ஊர்க்காரர். “தழ தான யக்கா வெக்கிறது?”

“தழய நான் எடுத்துக்கினு வரேன். நீ பலாவத் தூக்கு, கரியா.”

கரியன் குனிந்து ஒரு பலாவைத் தூக்கினார்.

“வண்டிய வுட்டுட்டு நான் எப்டிக்கா வர்றது?” என்றார் முருகவேல்.

“டிராக்டரக் கூட்டியார நீ கீழ வரணும் இல்ல? இருக்கறதுலயே பெரிய பழம் உனுக்குத்தான்.”

ஒன்பது தழைகளை இடுப்பில் செருகிக்கொண்டு வெள்ளச்சி கைவீசி முன்னே நடந்தார். மற்றவர்கள் பலாவை அணைத்தபடி வரிசையாக ஓடையைக் கடந்தனர். கணவாய்க் கல்லின் அருகே முருகவேல் சறுக்கினார். பெரிய பழம் பிளந்தது. வெள்ளச்சி பழத்தையும் முருகவேலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாமிக்கு ஒரு சுளை வைங்க. மிச்சத்த தின்னுட்டு வெரசா நடங்க.”

சந்தையில் அன்று விற்ற பலாப்பழங்கள்: ஏழு.