அடியேன் பந்து

கயிற்றில் பன்னிரண்டு கண்ணிகள், எல்லாம் ஒரே அளவு. மூன்று கண்ணி இந்தக் கோட்டின் மேல், நான்கு கண்ணி அந்தக் கோட்டின் மேல், மிச்சம் ஐந்தும் குறுக்கே விறைத்து நின்றால்தான் மூலை நேரான மூலை. இன்று குறுக்குக் கயிறு தொய்ந்தது. கோதைநாயகி எழுந்து நின்று, புடவையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள்.

"அழிச்சுட்டுத் திரும்பப் போடு, துளசிராமா."

கல்லூரிப் பியூன் துளசிராமன் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தான். "இன்னாம்மா, ஒரு மழைக்குத் தாங்காத கோடு. இதுக்குப் போயி கோயில் கட்றமாரி அளந்துகினு கீறீங்க."

"மூலை கோணலா இருந்தா, பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததான்னு யார் சொல்றது? நீயா?"

அவன் காலால் கோட்டைத் தேய்த்து அழித்தான். திங்கட்கிழமைதோறும் இது நடக்கும்.

திருவள்ளூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் அவள் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். வயது முப்பத்தாறு. வீடு கோயில் தெருவில். அப்பா எம்பாருக்குப் பெருமாள் கோயிலில் கைங்கர்யம். சென்ற ஜூன் வரை கைப்பந்தை அவள் தொட்டதில்லை. மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதிலும் கறுப்புக் கயிறு கட்டிப் பின்னந்தலையில் முடிச்சிட்டிருப்பாள். களத்தில் இறங்கும்போது செருப்பைக் கழற்றி, வகுப்பு வாசலில் விடுவதைப் போல ஜோடி சேர்த்து எல்லைக்கோட்டுக்கு வெளியே வைப்பாள். வெளியூர் ஆட்டம் என்றால் ஹோட்டலில் கை நனைப்பதில்லை. அடுக்கு டிபன் பாக்ஸில் தயிர்சாதம் வரும், பன்னிரண்டு பேருக்கும்.

உடற்பயிற்சி ஆசிரியை ஆரோக்கியமேரி கல்யாணமாகி ராணிப்பேட்டைக்குப் போய்விட்டாள். யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஆசிரியர் அறையில் முதல்வர் லட்சுமியம்மாள் கேட்டபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவர் கோதைநாயகியின் பக்கம் திரும்பினார்.

"பந்து ஆடற பொண்ணுங்க கணக்கு வகுப்புல தூங்கறாங்கன்னு ஒம்பது வருஷமா சொல்லிட்டிருக்கீங்களே. ரெண்டையும் நீங்களே எடுத்துக்குங்களேன்."

வேடிக்கைக்குச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலையே அவள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு விசிலை வாங்கிக்கொண்டாள். ஆட்ட விதிகளை நோட்டில் நகல் எடுத்தாள். மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'எந்தப் பாடத்திலும் தேறாதவர் அணியில் ஆட முடியாது.'

முதல் சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. உயர வரும் பந்தை எடுக்கப்போகிறவள் குரல் கொடுக்க வேண்டும். ஆரோக்கியமேரி 'மைன்' என்று பழக்கியிருந்தாள். அவள் போன மறுவாரமே பெண்கள் 'வுடு'வுக்குத் திரும்பிவிட்டார்கள். 'வுடு' என்றால், நான் எடுக்கிறேன், நீ விலகு. 'வுடு' என்றால், பந்து வெளியே போகிறது, தொடாதே. 'வுடு' என்றால், ஓங்கி ஒன்று கொடு. மூன்று பேர் மூன்று வுடு சொல்லுவார்கள். பந்து நடுவில் விழுந்து, தானாகவே உருண்டு நிற்கும்.

எப்படி நகர வேண்டும் என்று காட்ட, கோதைநாயகி ஒருநாள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே நின்றாள். பந்து நேராக அவள் தலைக்கு மேல் வந்தது. வீட்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எந்த மூலையிலிருந்தும் எழும் பதில், அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அடியேன்!"

பெண்கள் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள். புதுவாயலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் குணசுந்தரி, அணியில் ஓங்கி அடிக்கிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கேலிக்காக அவளும் ஒரு பந்துக்கு அப்படிக் கத்தினாள். யாரும் குறுக்கே வரவில்லை. பந்து சுத்தமாக எழும்பியது. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. பத்தே நாளில் பன்னிரண்டு பேரும் அடியேன் ஆனார்கள்.

கோயில் தெருவில் பேச்சு கிளம்பியது. ஒரு மாமி வீட்டுக்கே வந்துவிட்டாள். "பெருமாள் முன்னாடி சொல்ற வார்த்தையைப் பந்துக்குப் போய்ச் சொல்லலாமோடி?"

"ஓடிப்போய்க் கீழே விழறவாதானே மாமி சொல்றா? சும்மா நின்னுண்டிருக்கறவா சொல்லலையே."

அந்த ஆண்டு அவர்கள் வென்றுகொண்டே போனார்கள். ஜனவரியில் மெட்ராஸில் கல்லூரிகளுக்கிடையே கோப்பைக்கான இறுதியாட்டம். அதற்கு முன் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு.

குணசுந்தரிக்குக் கணிதத்தில் முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். திருத்தியவள் கோதைநாயகி.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். "நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க, கோதை. கப் வந்தா டீம் உங்ககிட்டயே இருக்கும். வரலைன்னா ஜூன்லேருந்து மெட்ராஸ்லேருந்து ஒருத்தங்க வர்றாங்க. டிப்ளமா படிச்சவங்க."

"சரி."

"குணசுந்தரி இல்லாம கப் வராது."

"தெரியும்."

"அந்தப் பேப்பரை இன்னொரு தடவை பாருங்களேன்."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

உண்மையில் மூன்று தடவை. மூன்றாம் முறை பார்த்தது நாலு மார்க் எங்கேயாவது ஒளிந்திருக்காதா என்றுதான். அந்தப் பெண்கள் மாலை வெயிலில் தாவணியை வரிந்து கட்டிக்கொண்டு, தன் சொல்லைத் தன் முகத்துக்கு நேரே கத்துவது அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை விடைத்தாளைப் புரட்டும்போதுதான் அறிந்தாள். ஒன்பதாவது கணக்கில் படி சரி, விடை தப்பு. அதற்கு உண்டானதை ஏற்கனவே கொடுத்திருந்தாள்.

சாயங்காலம் குணசுந்தரி வந்து நின்றாள்.

"நாலு மார்க்குதான மிஸ்?"

"ஆமாம்."

"பேனா உங்க கையிலதான கீது?"

"அதனாலதான் போட முடியாது."

"இன்னா மிஸ் இது, பேஜாரு. ஊர்ல எங்க நைனா கல்யாணம்னு குதிச்சிகினு கீறாரு. ஒரு கப்ப கொண்டாந்து வச்சா கொஞ்சம் அடங்குவாரு."

கோதைநாயகி ஒன்பதாவது கணக்கைக் கரும்பலகையில் எழுதி, சுண்ணாம்புக்கட்டியை அவள் பக்கம் நீட்டினாள். குணசுந்தரி வாங்காமல் போய்விட்டாள்.

இறுதியாட்டத்தில் குணசுந்தரிக்குப் பதில் சின்னப்பொண்ணு நின்றாள். ஆர்.கே.பேட்டைக்காரி, குட்டை, பயந்த பெண். முதல் இரண்டு செட் போயிற்று. அடுத்த இரண்டையும் விழுந்து எழுந்து, முழங்கை தோல் கிழிந்து, பிடித்தார்கள். ஐந்தாவதில் பதிமூன்றுக்குப் பதினைந்து என்று தோற்றார்கள். பெஞ்சில் புள்ளி எழுதிக்கொண்டிருந்த குணசுந்தரி கடைசிப் புள்ளியைக் காகிதம் கிழிய எழுதினாள்.

அரக்கோணம் பாசஞ்சரில் திரும்பினார்கள். ஆவடி தாண்டியதும் குணசுந்தரி கோதைநாயகியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஆடியிருந்தா?"

"ஜெயிச்சிருப்போம்."



மறுநாளிலிருந்து தினமும் ஐந்தரைக்கு, பயிற்சி முடிந்ததும், குணசுந்தரி நோட்டோடு வந்தாள். வணக்கம் கிடையாது, பேச்சு கிடையாது. பரப்பளவுக் கணக்கு மட்டும் ஏறவே இல்லை. பிறகு ஒருநாள் தானாகவே சொன்னாள்: கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைக்கு என்று நிலம் எடுக்கிறார்கள், தங்கள் கழனியிலும் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்கள் என்று. கோதைநாயகி புத்தகத்தை மூடினாள். "எத்தனை சங்கிலி நீளம்? எத்தனை அகலம்? அவா சொன்ன கணக்கு சரியான்னு நீ போட்டுப் பாரு." குணசுந்தரி போட்டாள். பிப்ரவரியில் நடந்த மறுதேர்வில் ஐம்பத்திரண்டு. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச்சில் விளையாட்டு விழா. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரி யார் என்று முதல்வர் கேட்டிருந்தார். எல்லோரும் குணசுந்தரி என்றே நினைத்திருந்தார்கள். கோதைநாயகி சீட்டில் சின்னப்பொண்ணு என்று எழுதியது மேடையில் படிக்கப்பட்டபோதுதான் தெரிந்தது. சின்னப்பொண்ணு தன் பெயரை நம்பாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். குணசுந்தரி கைதட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும், கொஞ்சம் அதிகமாகவே.

விழாவின் கடைசி நிகழ்ச்சி ஆசிரியைகளுக்கும் மாணவிகளுக்கும் ஒரு செட். ஜூனில் வரப்போகிற மெட்ராஸ் பயிற்சியாளர் இடத்தைப் பார்க்க வந்திருந்தார். அவரையே நடுவராக நிறுத்தினார்கள். கோதைநாயகி விசிலைக் கழற்றி முந்தானையில் துடைத்து அவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பை ஜோடியாக வைத்து, கண்ணாடிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாணவிகள் பாதி விளையாட்டாகத்தான் ஆடினார்கள். குணசுந்தரி மட்டும் அப்படி ஆடவில்லை. அவள் அடித்த பந்துகள் எல்லாம் கோதைநாயகி நின்ற இடத்துக்கே வந்தன. ஒன்று மணிக்கட்டைச் சிவக்க வைத்தது. அப்படியும் ஆசிரியைகள் பதினான்கு, மாணவிகள் பன்னிரண்டு. ஆசிரியைகளின் சர்வீஸ். இன்னும் ஒரு புள்ளி.

தாவரவியல் ஆசிரியை கையில் பட்ட பந்து வலைக்கு நேர்மேலே எழும்பியது. இந்தப் பக்கம்தான் விழும் என்று கோதைநாயகி ஓடினாள். வாய் முந்திக்கொண்டது.

"அடியேன்!"

பந்து வலையின் மேல்நாடாவில் உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. எடுக்க ஓடிவந்த குணசுந்தரி அந்தக் குரலுக்கு அப்படியே நின்றுவிட்டாள். மற்ற ஐந்து பேரும் நின்றார்கள். கைகள் நீட்டியபடி இருக்க, ஆறு பேர் நடுவில் பந்து தொப்பென்று விழுந்தது.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. நடுவர் விசில் ஊதி ஆசிரியைகள் பக்கம் கை காட்டினார். "செட்!"

கோதைநாயகி கையைத் தூக்கினாள். "இல்லை."

"பந்து உள்ளேதானே விழுந்தது?"

"என் குரலுக்கு நின்னுட்டா. அது புள்ளி இல்லை."

"அப்படி ஒரு விதி புத்தகத்துல இல்லைங்களே."

"முழுக்க நகல் எடுத்திருக்கேன். இல்லைன்னு தெரியும். சர்வீஸ் அவாளுக்குக் கொடுங்கோ."

குணசுந்தரி குனிந்து பந்தை எடுத்தாள். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாகக் கோதைநாயகியின் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஒரு புள்ளிதான மிஸ்? வச்சிக்கங்க."

பந்தை வலைக்கு அடியில் உருட்டிவிட்டாள். அது மெதுவாக வந்து கோதைநாயகியின் வெறுங்காலில் முட்டி நின்றது.

கோதைநாயகி குனிந்து, ஒட்டியிருந்த சுண்ணாம்பை உள்ளங்கையால் துடைத்து, பந்தை வலைக்கு அடியிலேயே திருப்பி உருட்டினாள். பிறகு கொசுவத்தைச் செருகிக்கொண்டு பின்கோட்டுக்குப் போய், சிவந்த மணிக்கட்டுகளைச் சேர்த்து வைத்து, முழங்காலை மடக்கி, சர்வீஸை வாங்கக் காத்து நின்றாள்.