முசுறு ஏறிய கோப்பைகள்

1. ஒருமுறை சுட்ட நாற்பது கோப்பைகளைக் காலையில் பளபளப்புப் பூச்சுக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தேன். கரைசலும் நான் கலக்கியதுதான்.
2. என்னோடு பயிற்சியில் இருந்தவள் அவற்றைப் பலகைகளில் அடுக்கி மாமரத்தடியில் காய வைத்தாள்.
3. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கோப்பைக்குக் கோப்பை முசுறு எறும்பு.
4. அவள் ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். கை முழுக்கக் கடி. பூச்சு முழுக்கக் கீறல்.
5. சூப்பர்வைசர் வந்தார்.
6. நான் எதுவும் சொல்லவில்லை.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருந்தது. கிளேஸ் அறையில் இடம் ஒன்றுதான். மற்றவள் கோப்பை வார்க்கும் அச்சுக் கொட்டகைக்குப் போக வேண்டும். ஆளுக்கு நாற்பது கோப்பை முக்கிக் காட்டச் சொல்லியிருந்தார் சூப்பர்வைசர். முந்தின நாளே அவளுடையது முடிந்திருந்தது.

தேர்வில் எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். கரைசலின் அடர்த்தி, சல்லடை எண், சூளையின் வெப்பம் எல்லாம் என் நோட்டில் வரிசையாக இருந்தன. அவளிடம் நோட்டே கிடையாது. ஆனால் கோப்பையை முக்கி மணிக்கட்டை லேசாகத் திருப்புவாள். சொட்டு நிற்காது, விரல் தடம் தெரியாது. என் கோப்பைகளில் இரண்டு விரல் எப்போதும் பதிந்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் நான் நோட்டைப் புரட்டுவேன். அவள் மாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முசுறுகள் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இரண்டு இலைகளை இழுத்துச் சேர்க்கும். இன்னொன்று தன் புழுவை வாயில் பிடித்து, அதன் நூலால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும். எனக்கு அதைக் காட்டியவளும் அவள்தான். அது என் கண்ணில் முதலில் படவில்லையே என்று அன்றைக்கும் எரிச்சலாக இருந்தது.

என் பட்டியலில் ஒன்றுக்கு முன்னால் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பூச்சு கெட்டியாகப் பிடித்தால் விரல் தடத்தைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை வேலைக்குப் போகும் மாமாவிடம் ஒரு பாட்டில் கழிவுப்பாகு கேட்டு வாங்கி, யாரும் வருமுன் கரைசலில் ஊற்றினேன். மேலே இருக்கும் கூடுகள் என் நினைவுக்கே வரவில்லை.

"பலகைய இங்க வெச்சது யாரு?" என்றார் சூப்பர்வைசர்.

"நான்தாங்க சார். நேத்து என்னோடதையும் இங்கதான் வெச்சேன். ஒரு எறும்பு வல்ல."

"உன்னோடதுக்கு வல்ல, அவளோடதுக்கு மட்டும் வந்துதா? இவ்ளோ பொறாம ஆவாதும்மா."

அந்தச் சொல் எனக்குரியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் என் கரைசல் இருந்த டிரம்மை அவள்தான் கழுவினாள். குனிந்தவள் நிமிர்ந்து, "வெல்ல வாசம் அடிக்குதுடி" என்றாள். "கேட்டிருந்தா கையப் புடிச்சி சொல்லிக் குடுத்திருப்பேன்ல. எறும்புக்கு விருந்து வெச்சிட்ட."

திட்டியிருக்கலாம். அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது என்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு மறுநாள் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். பாகு சேர்க்கவில்லை. விரல் தடம் இருந்தது. பரவாயில்லை என்றார் சூப்பர்வைசர்.

இப்போது நான் கிளேஸ் அறையில் இருக்கிறேன். அவள் அச்சுக் கொட்டகையில் இருக்கிறாள். அவள் வார்த்து அனுப்பும் கோப்பைகளின் விளிம்பில் பிசிறு இருப்பதில்லை, தினமும் தேடுகிறேன். பாகு விஷயம் அவளுக்கும் எனக்கும் தெரியும். சூப்பர்வைசரிடம் அவள் சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.