திருப்பத்தில் கையை இழுக்காதே

இடால்மிஸின் இடது கையில் காபிக் குவளை. வலக் கைக் கட்டைவிரல் கவிழ்ந்து கிடக்கும் படகின் அடிப்புறத்தில் ஓடி, குறுக்கே வெட்டிய படியின் விளிம்பில் வந்து நிற்கிறது. "மழுங்கிப்போச்சு. எவன்டா இதுக்கு மெருகு போட்டவன்?" விளிம்பு கூராக இருந்தால்தான் தண்ணீர் அங்கே அறுந்து, காற்றுப் புகுந்து, படகு லேசாகும். உப்புத்தாளோடு அவரே உட்கார்ந்துவிடுவார்.

ஹவானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். மியாமியின் இந்தக் கால்வாயோரப் பட்டறையில் அவருக்கு இது முப்பத்தோராவது வருடம். மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு கொய்யா பப்ஸ் இருக்கும்.

படி நேற்று வந்த வித்தை என்று யாராவது பீற்றினால் பொறுக்க மாட்டார். "நூத்தம்பது வருஷம் முன்னாடியே இங்கிலாந்துல ஒரு பாதிரியார் சொல்லிட்டாரு. அதைப் பறக்க வைக்கிற இன்ஜின்தான் அப்பப் பொறக்கல." இன்ஜின் பிறந்ததும் பந்தயப் படகுகள் படி வைத்துப் பறந்தன. பிறகு அதை ஏறக்குறைய மறந்தார்கள். தொண்ணூறுகளில் மறுபடி தேடி எடுத்தார்கள்.

அப்போது அப்படி ஒரு படகில்தான் அவர் தம்பி ரிகோ இறந்துபோனான். படியில்லாத படகுகளை இருபது வருடம் ஓட்டியவன். திருப்பத்தில் பயந்தால் வேகப்பிடியை வெடுக்கென்று பின்னே இழுப்பது கையோடு ஊறிய பழக்கம். படி வைத்த படகில் அப்படிச் செய்தால் மூக்கு தண்ணீரைக் கவ்வும், பின்புறம் வழுக்கிச் சுழலும். அந்தப் படகின் விளிம்பைத் தீட்டியவர் இடால்மிஸ். அந்தத் துக்கம் இன்றும் ஆறவில்லை.

அன்றிலிருந்து, வாங்குபவர் அவர் கண் முன்னால் மூன்று திருப்பம் ஒழுங்காகத் திருப்பினால்தான் சாவி கைமாறும்.

இன்று வந்திருப்பவர் எவேலியோ, இறால் பிடிக்கிறவர். "நாப்பது வருஷமா கடல்ல கிடக்கேன். எனக்கே பாடமா?"

"கடலுக்கு உன்னைத் தெரியும். இந்தப் படகுக்குத் தெரியாதே. திரும்பறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்க. திரும்பையில கைய இழுக்காத."

முதல் இரண்டு திருப்பத்தில் பழுதில்லை. மூன்றாவதில் இன்னொரு படகு கிளப்பிய அலை எதிரே வந்தது. எவேலியோவின் கை வேகப்பிடியை வெடுக்கென்று பின்னே இழுக்கப் போனது. அதற்குள் இடால்மிஸின் உள்ளங்கை அதன்மேல் அழுந்திவிட்டது. படகு ஒருமுறை நடுங்கி நேரானது.

கரை சேர்ந்ததும் கயிற்றைக் கட்டி, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார் இடால்மிஸ். எவேலியோ சாவிக்காகக் கையை நீட்டினார்.

"ஒரு தடவைதானே தாயி. போகப்போகப் பழகிக்குவேன்."

"என் தம்பியும் சாகறதுக்கு முந்தின நாள் இதையேதான் சொன்னான்."

நீட்டிய கையில் கொய்யா பப்ஸை வைத்தார். பிறகு குனிந்து, மறுபடி மூன்று திருப்பத்துக்காக, இப்போதுதான் கட்டிய கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.