ரீச்சரின் குரலும் மான் படுத்த நூலும்

எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் மான் வளவுக்குள் வருவது ஒரு செய்தியே அல்ல. கேற்றைத் திறந்தால் உள்ளே வரும். திறக்காவிட்டால் நாங்கள் ஏதோ பிழை செய்ததுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் போன வருடம் மாதா கோவில் திருநாளுக்கு முதல்நாள், ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரின் பூப்பாத்தியை அவை மொட்டையடித்துவிட்டன. திருநாளன்று பீடத்துக்குத் தன் வளவுப் பூதான் வைப்பேன் என்று நேர்த்தி வைத்திருந்தவர் அவர். கடைப் பூவோடு போய் நின்ற வெட்கம் அவருக்கு வருடம் முழுக்க ஆறவில்லை. நேர்த்தி இந்த வருடத்துக்குத் தள்ளிப்போனது.

நான் உள்துறைமுகப் பக்கம் போனும் ரேடியோவும் திருத்துகிறவன். படிப்பெல்லாம் வீடியோ பார்த்துப் படித்ததுதான். மான் வந்தால் கத்துகிற மாதிரி ஒரு சாமான் செய்து தரும்படி ரீச்சர் கேட்டார். ஏலாது என்று சொல்ல மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை.

பாத்திவரை வயர் இழுக்க வசதியில்லை. மூன்று சின்னப் பற்றரி, அது திருநாளுக்கு முந்தின நவநாள் செபம் ஒன்பது நாளும் தாங்க வேண்டும். ஆகவே ஒரு மைக்ரோகன்ட்ரோலரை எடுத்தேன். நகத்தளவு மூளை அது. வேலையில்லாத நேரம் நித்திரை கொள்ளவிடலாம். நித்திரையில் அது குடிக்கும் மின்சாரம் மீற்றரில் தெரிவதே அருமை. அதன் கம்பிக் கால்களில் ஒன்றை ஒரு சுவிச்சோடும், சுவிச்சைப் பாத்தியைச் சுற்றிக் கட்டிய நைலோன் நூலோடும் தொடுத்தேன். மான் நூலில் முட்டினால் சுவிச் அந்தக் காலின் மின்சாரத்தை இறக்கிவிடும். மூளை எழும்பும், கத்தும், திரும்பப் படுக்கும்.

கத்துவதற்கு ரீச்சரின் குரலையே பதிந்தேன். "ஆர் அங்கை? வெளியிலை போய் நில்."

சோதித்துப் பார்த்தபோது றோட்டில் நின்ற மான் காதை மட்டும் திருப்பியது. பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர், நாற்பது வயது தாண்டியவர், ரீச்சரிடம் படித்தவர், சாப்பிட்ட கையோடு தன் கேற்றுக்கு வெளியே போய் நின்றார்.

நவநாள் தொடங்கிய இரண்டாம் நாளே பற்றரி படுத்துவிட்டது. வீணாக எரிந்த ஒரு சிவப்பு லைற்றைக் கழற்றி எறிந்து, புதுப் பற்றரி போட்டேன். மூன்றாம் நாளும் அதே கதை. ஓட்டோக்காரர் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, இது நித்திரையோ, செத்துப்போச்சோ?"

எவ்வளவு வீடியோ பார்த்தும் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதைப் போய் அறிந்துகொள்ளத்தான் நான்காம் நாள் பின்னேரம், சனமெல்லாம் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, ரீச்சரின் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தேன்.

ஒரு பெரிய பெட்டை மான் வந்தது. நூலில் முட்டியது. குரல் கத்தியது. மான் முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அந்த நூலின் மேலேயே படுத்து இரைமீட்டது. நூல் இழுபட்டபடி, சுவிச் மூடியபடி. கம்பிக் காலில் மின்சாரம் இறங்கியிருக்கும் மட்டும் எழும்பு என்றுதான் மூளைக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பாவம், அது படுக்கும், உடனே எழும்பும், கத்தும், திரும்பவும் படுக்கும். நாலு செக்கனுக்கு ஒருக்கால் "ஆர் அங்கை?" பற்றரி தீரும்வரை ரீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். மான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய்த் திருத்தினேன். காலில் மின்சாரம் இறங்குகிற அந்தக் கணத்தில் மட்டும் எழும்ப வேண்டும். ஒருதரம் கத்தினால் போதும். நூல் தளர்ந்து திரும்ப இழுபடும்வரை நித்திரை. சுவிச் மூடிக் கிடக்கும்போது மின்சாரம் ஒழுகிய ரெசிஸ்டரையும் மாற்றி, மின்சாரத்தை நூறு மடங்கு கூடத் தடுக்கிற ஒன்றைப் போட்டேன். மீற்றர் முள் அசையவே இல்லை. அந்த அசையாத முள்ளை ஒழுங்கையில் எல்லோருக்கும் காட்டினேன். ஒன்றும் நடக்காததைக் காட்டிப் பெருமைப்படுகிற ஒரே ஆள் நான்தான் என்று ஓட்டோக்காரர் சொன்னார்.

அதன்பின் நாலு நாள் மான் வரவில்லை. பாத்தியில் செவ்வந்தி மஞ்சள் மஞ்சளாக விரிந்தது. திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், கடைசி நவநாள் முடிந்து ரீச்சரோடு நானும் திரும்பி வந்தேன்.

பெட்டை மான் நூலின் மேல் படுத்திருந்தது. கூட வந்த ஐந்து மானும் செவ்வந்தியின் கடைசி வரிசையில் நின்று மென்றன. குரல் ஒருதரம் கேட்டதாகவும், தான் வெளியிலே போய் நின்றதாகவும், பிறகு சத்தமே இல்லை என்றும் ஓட்டோக்காரர் சாட்சி சொன்னார். நான் பற்றரியை அளந்தேன். கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல இருந்தது.

"தம்பி, சாமான் பழுதோ?"

"இல்லை ரீச்சர். நான் சொன்னபடிதான் செய்திருக்கு."

ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நானே வெளியிலே போய் நிற்கப் பார்த்தேன். பிறகு அவர் உள்ளே போய் ஒரு கத்தரிக்கோலோடு வந்து, வீட்டின் பின்பக்கம் நடந்தார். பின்னாலே போனேன். வேலி நீளத்துக்கு அலரி, ரோசா நிறத்தில் பூத்துத் தள்ளியிருந்தது. நஞ்சுச் செடி. ஒரு இலையைக்கூட மான் தொடவில்லை.

"இதுவும் என்ரை வளவுதானே," என்று தனக்கே சொல்லிக்கொண்டு ரீச்சர் முதல் கொத்தை வெட்டினார். என் இரண்டு கையும் நிறைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வாரும். குசினியிலை தேத்தண்ணி இருக்கு."