விழுவதற்கு முன் ஒரு பார்வை

தொண்ணூறுகளில் காக்ஸ் டவுனில் ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. அதற்கு நான் புரொஜெக்டர் ஓட்டினேன். கூடுகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். நாலாம் வகுப்போடு நின்ற நான் மெஷினுக்குப் பின்னால் நிற்பதோடு சரி. யாரிடமும் பேச மாட்டேன். அவர்கள் பேச்சைக் கேட்டபின் அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

ஒருமுறை ஊமைப்படக் காலத்துச் சிரிப்புப் படம் வந்தது. ஒரே ரீல். முந்தின நாள் லிங்கராஜபுரத்தில் என் வீட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்தேன். படத்தில், சுவருக்குக் காகிதம் ஒட்ட வந்தவன் பசை வாளியோடு பலகையில் ஏறுகிறான். பலகை சரிகிறது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை. யாருமில்லை என்றதும் நிம்மதியாக விழுகிறான். வயிறு வலிக்கச் சிரித்தேன். இதை யோசித்த டைரக்டர் மனிதர்களை நன்றாகக் கவனித்தவர்.

புரொஜெக்டரில் இரண்டு வேகம் உண்டு. ஊமைப்படத்துக்கு மெதுவானது. சங்கச் செயலாளர் வேகமானதைப் போடச் சொன்னார்.

“சார், இதுக்கு இந்தப் பக்கம் போடணும் சார்.”

“பழைய படம்னா ஆளுங்க குடுகுடுன்னுதான்பா ஓடுவாங்க. அதான் அதோட ஸ்டைல். எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது. ஸ்விட்சை மாற்றினேன்.

குறும்படத்தை இரண்டு முறை போடுவது சங்கத்தின் வழக்கம். நடுவில் செயலாளரின் சொற்பொழிவு. முதல் முறை அந்தப் பார்வை யார் கண்ணிலும் படவில்லை. தலை வெடுக்கென்று ஆடியது, ஆள் விழுந்தான், அவ்வளவுதான். ஒருவர் கொட்டாவி விட்டார். பிறகு செயலாளர் அரை மணி நேரம் பேசினார். அந்தப் பரபரப்பு இயந்திர யுகத்தின் மீது டைரக்டர் வைத்த விமர்சனமாம். தப்பாகப் போட்ட ஸ்விட்சுக்கு இவ்வளவு தத்துவம்! அதை நோட்டில் வேறு எழுதிக்கொண்டார்கள்.

அந்த டைரக்டருக்காக யாராவது வாயைத் திறக்க வேண்டும். எனக்கு வாய் வராது. விளக்கு அணைந்ததும் ஸ்விட்சை மெதுவான பக்கம் தள்ளினேன்.

“என்ன குரு, வேற பிரிண்டா?” என்றார் கடைசி வரிசைக்காரர்.

பலகை சரிந்தது. அவன் சுற்றிலும் பார்த்தான். ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தார். அவன் நிம்மதியாக விழுந்தபோது ஹாலே அதிர்ந்தது.

விளக்கு போட்டதும் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். “பார்த்தீங்களா, விளக்கிச் சொன்னாத்தான் ரசிக்க முடியுது!”

கைதட்டினார்கள். அந்த ஹாலில் டைரக்டரின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு இன்றுவரை அது வாயில் நுழையவில்லை. படம் சரியாக ஓடிவிட்டது. கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று ரீலைக் கழற்றினேன்.