பாலத்துக்காரிக்குச் சேலை மாற்றிய நாள்

லூர்துராணிக்கு ரவிக்கை வெட்டத் தெரியும், அளவு சரியில்லை என்று சண்டைக்கு வரும் வாடிக்கைக்காரியைச் சிரிக்கவைத்து அனுப்பத் தெரியும். ஊரைக் கூட்டி நியாயம் கேட்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு லாரி.

ஆற்றுக்கு வடகரையில் வீடு, ஸ்ரீரங்கத்தில் தையல் கடை. நடுவில் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் பழையதன் இரண்டு முனையிலும் சுவர் எழுப்பி, ஒரு கதவைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். புதுப் பாலத்தில் நடக்கிறவனுக்கென்று ஒரு முழம்கூட ஒதுக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவள் கணவன் பெனடிக்டை அங்கேதான் லாரி உரசிவிட்டுப் போனது. உயிர் தப்பியது, இடது கால் தப்பவில்லை. மகள் ஃபெமினா இன்றைக்கும் அதே ஓரத்தில்தான் காலேஜுக்கு நடக்கிறாள்.

பழைய பாலத்தை அறுத்து இரும்பு விலைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று லூர்துராணி மிஷினை மூடிவைத்துவிட்டு ஆபீஸ் படியேறினாள். விரட்ட விரட்டப் போனாள். தெருவையே சேர்த்துக்கொண்டு போனாள். கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள்: இன்ஜினியர் ஒருவர் வந்து பார்ப்பார். ஆள் நடக்கத் தாங்கும் என்று அவர் எழுதினால் பாலம் நிற்கும், இல்லையென்றால் ஏலம்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. போன ஆடியில் கேஸ் கட்டரோடு ஆட்கள் வந்து நின்றபோது, சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்குப் பூ விற்கும் மயிலம்மாள், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாலத்தின் காலில் ஒரு மஞ்சள் சேலையைச் சுற்றிக் குங்குமம் வைத்துவிட்டாள். பாலத்துக்காரி என்று பேரும் சூட்டினாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கேஸ் போட நாம வெச்ச வக்கீலைவிட உங்க அம்மன் கெட்டிக்காரி என்று லூர்துராணியே சொல்லிச் சிரித்தாள். பங்குனிக்குள் சேலைமேல் சேலையாக ஏறி அந்தக் கால் பருத்துவிட்டது. தினமும் பாலும் மஞ்சள் தண்ணீரும் வேறு.

இன்ஜினியர் அறிவுமதி காலையிலேயே வந்துவிட்டாள். கதவுப் பூட்டைத் திறக்கவைத்து, தென்முனையிலிருந்து ஒவ்வொரு மூட்டாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தாள். ணங், ணங் என்று பாலம் பதில் சொன்னது. லூர்துராணி பின்னாலேயே ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்தாள். வடமுனைக்கு வந்ததும் துணியை அவிழ்க்கச் சொன்னாள் அறிவுமதி. கூட வந்த இருவரில் ஒருவன், சம்சாரம் மாசமாக இருக்கிறாள் என்றான். மற்றவன் மாலை போட்டிருந்தான். அவளே கையை நீட்டியபோது குறுக்கே மயிலம்மாளின் பூக்கூடை வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். நான் அவிழ்க்கிறேன் என்று லூர்துராணி குனிந்தபோது, வேதக்காரி கையை வைக்கட்டும் பார்க்கலாம் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நீட்டிய கை தானாக மடங்கியது.

"பார்க்காத மூட்டை நல்லா இருக்குன்னு நான் எழுத மாட்டேங்க," என்றாள் அறிவுமதி. "பார்க்க முடியலைன்னு எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

லூர்துராணி மயிலம்மாள் பக்கம் திரும்பினாள். "மயிலக்கா, ஆடியில கட்டின சேலை. பங்குனி வந்தாச்சு. அவளை ஒரே சேலையோட எத்தனை மாசம் நிக்க வெச்சிருப்பீங்க?"

மயிலம்மாளுக்குச் சுருக்கென்றது. மேலே மேலே சுற்றினார்களே தவிர, உள்ளே இருந்ததை யாரும் களையவில்லை.

"மாத்துறதுக்கு முறை இருக்குடி. திரை போடணும். ஆம்பளைங்க பார்க்கக் கூடாது. நீ தொடக் கூடாது."

"நான் திரையைப் பிடிச்சுக்கறேன். மேடம் பொம்பளைதானே, அவங்க உள்ள வரட்டும்."

மயிலம்மாள் அறிவுமதியை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைக்குக் குளிச்சியா?"

அறிவுமதி பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினாள்.

வீட்டிலிருந்து ஒரு போர்வையும், ஃபெமினாவுக்கு எடுத்துவைத்திருந்த மஞ்சள் சேலையும் வந்தன. போர்வையின் ஒரு முனையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்தபடி லூர்துராணி கூட்டத்தைப் பார்த்து நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஈரத்துணிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. புளித்த பால் நாற்றம் குப்பென்று வந்தது. கடைசித் துணியும் விழுந்தது. "அடி ஆத்தா," என்று மயிலம்மாள் மெல்லச் சொன்னது கேட்டது.

சுத்தியல் தட்டியது. ணங். மறுபடியும் ணங். அப்புறம் அழுகிய பூசணிக்காயைத் தட்டியதுபோலப் பொத்தென்று ஒன்று. காலையிலிருந்து கேட்காத சத்தம். கூட்டம் லூர்துராணியின் முகத்தையே பார்த்தது. அவள் போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அறிவுமதி உள்ளங்கையெல்லாம் செம்மஞ்சளாக வெளியே வந்தாள். மஞ்சளா துருவா தெரியவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மேல போற சட்டமெல்லாம் நல்லா இருக்கு. அடித்தகடு அரிச்சுப்போச்சு, ஈரத்துணி சுத்தியே இருந்ததால. தகட்டை மாத்திட்டு ஆள் நடக்க விடலாம். ஆனா இங்க இனிமே துணி கட்டக் கூடாது. கட்டுவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் அப்படி எழுத மாட்டேன்."

திரைக்கு உள்ளே மயிலம்மாள் புதுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கட்டினால் தடுக்க ஆள் கிடையாது. லூர்துராணியால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது.

"அப்ப அம்மனைத் துரத்துறீங்களா?" என்றது அந்தப் பழைய குரல்.

"துரத்த நீ யாருடா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "ஈரத்துலயே நிக்க வெச்சு அவ காலைப் புண்ணாக்கிட்டோம். வந்து பாரு."

யாரும் போகவில்லை. மயிலம்மாள் திரைக்கு வெளியே வந்தாள். சாலையோரம் பாதி புதைந்து கிடந்த மைல்கல்லுக்குப் போய், எழுத்து மறைகிற மாதிரி சேலையைச் சுற்றினாள். கொசுவத்தை நீவிவிட்டாள். குங்குமம் வைத்தாள். கல்லை எந்தத் தண்ணியும் அரிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"ஏ லூர்து, யாருக்குத் திரை பிடிச்சிட்டு நிக்கிற? அவ இங்க வந்து உக்காந்து எவ்வளவு நேரமாச்சு."

லூர்துராணி கையை இறக்கினாள். அறிவுமதி பாலத்தின் கைப்பிடிமேல் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கியிருந்தாள்.