அங்காளம்மாளின் மூக்கு

அங்காளம்மாள் யாரையும் நம்ப மாட்டாள். பால் பாக்கெட் வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மருந்துக்கடைக்காரரிடம் காட்டி, "இது எதுக்கு நைனா?" என்று விசாரித்து, இருவர் பதிலும் ஒத்துப்போனால்தான் விழுங்குவாள். கட்டிய புருஷன் தேசிங்கு கடலுக்குப் போய்விட்டு வந்து "இன்னிக்கி ஒண்ணும் மாட்லமே" என்றால், போட்டுக்குள் ஏறி வலையை உதறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷனும் பழகிவிட்டார். கரைக்கு வந்ததும் தானே ஒதுங்கி அவளுக்கு வழிவிடுவார்.

அவள் முழுசாக நம்பியது ஒன்றே ஒன்றை. அது அவளுடைய மூக்கு.

பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை சுமந்து வந்து மந்தைவெளித் தெருக்களில் இருபத்தாறு வருஷமாக மீன் விற்கிறாள். மற்ற மீன்காரிகள் செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதைக் காட்டி விற்பார்கள். இவள் காட்ட மாட்டாள். செவுளைத் தன் மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு இழுப்பு. தலையாட்டினால் மீன், வாங்குகிறவர் பாத்திரத்துக்குப் போகும். முகம் சுளித்தால் கூடைக்கே திரும்பும். "செவப்பைப் பாத்து ஏமாறாதீங்க, கலரு ஊத்துனாக்கூட செவக்கும்" என்பாள். செவுளுக்கும் துடுப்புக்கும் வித்தியாசம் தெரியாத வீடுகளெல்லாம் அவள் மூக்கை நம்பியே இத்தனை காலம் மீன் தின்றன. ஒரு புகார் வந்ததில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், வடக்கே கடலில் இரண்டு கப்பல்கள் உரசிக்கொண்டன. ஒன்றின் வயிறு கிழிந்து எண்ணெய் கொட்டியது. கொஞ்சம்தான் கொட்டியது என்று டிவியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் பட்டினப்பாக்கத்து அலை கறுப்பாக வந்து, கேழ்வரகுக் களி மாதிரி மணலில் அப்பிக்கொண்டது. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து அப்படியே கிடந்தன. முட்டையிட வந்த, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் நான்கு, கண்ணும் வாயும் அடைத்துச் செத்து ஒதுங்கின. சிறகு ஒட்டிப்போன கடற்பறவை ஒன்று பறக்க முடியாமல் மணலில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்து லுங்கியால் துடைக்கப் பார்த்தார் தேசிங்கு. அவர் கையிலேயே அது செத்தது. அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை.

பத்தாம் நாள், மீனுக்கு ஒரு கேடும் இல்லை என்று காட்டுவதற்காக ஒரு பெரிய அதிகாரி வந்தார். கடற்கரையில் பந்தல் போட்டு, கேமராக்களுக்கு முன்னால் வறுத்த வஞ்சிரத்தைச் சாப்பிட்டார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அங்காளம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், இந்த வஞ்சரம் எந்தக் கரையில ஏறுச்சு?"

"இங்கதாம்மா. உங்க கடல் மீன்தான்."

"இங்க போட்டு கடல்ல எறங்கி ஒரு வாரமாவுது சார். அப்ப இது இன்னா, நடந்தா வந்துச்சு?"

அதிகாரிக்குப் புரையேறியது. இரண்டு பேர் வந்து அவளை "அப்புறம் பேசலாம்மா, அப்புறம் பேசலாம்" என்று ஓரங்கட்டினார்கள். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை.

ஆனால் சந்தேகம் ஒட்டுவாரொட்டியாக மந்தைவெளிக்கும் பரவிவிட்டது. ஒரு வீட்டில் திடீரென்று விரதம். இன்னொரு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வயிறு சரியில்லை. "மீனோவ்!" என்று குரல் கேட்டதும் சில வீடுகளில் டிவி சத்தம் குறைந்து, ஆளில்லாத வீடு போல் அமைதியானது. அங்காளம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரை எல்லாம் சந்தேகப்பட அவளுக்கு உரிமை உண்டு. அவளை ஊர் சந்தேகப்படுவதா?

மிஞ்சியது ஒரே வீடு. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நஸ்ருன்னிசா டீச்சர் வீடு. டீச்சரின் மகள் ரிஸ்வானா ஐந்து மாதக் கர்ப்பிணி. தாய் வீட்டுக்கு வந்திருந்த அவளுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

"எல்லாரும் வேணாங்கிறாங்க அங்காளம்மா" என்றார் டீச்சர். "எனக்கும் பயம்தான். ஆனா நீ மோந்து பாத்துக் குடுத்தா என் பொண்ணுக்குத் தைரியமா ஆக்கிப் போடுவேன். உன் மூக்கைத்தான் நம்பறேன்."

அந்த வார்த்தைக்காக அங்காளம்மாள் எதையும் செய்வாள். ஒரு வீட்டு வியாபாரத்தில் குடும்பம் ஓடிவிடாது, அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் சொல்லுக்கு இந்த ஊரில் மிச்சமிருந்த மரியாதை எல்லாம் அந்த ஒரு வாசலில்தான் நின்றது. அதையும் இழந்துவிட்டு எந்தத் தெருவில் போய்க் குரல் கொடுப்பாள்?

அதனால் தெற்கே, எண்ணெய் எட்டாத நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து லாரியில் ஐஸ் பெட்டி இறக்கும் ஜான்சனிடம் மட்டும் மீன் எடுத்தாள். ஜான்சனையும் அவள் நம்பவில்லை. தினமும் பெட்டியை அடிவரை கிளறினாள். லாரி டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டி எங்கிருந்து புறப்பட்டது என்று குறுக்குவிசாரணை செய்தாள். "அக்கா, நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்று ஜான்சன் அலுத்துக்கொண்டான்.

மத்தியானம் வீடு திரும்பினால் அடுத்த வேலை காத்திருக்கும். போட்டுகளோடு வலைகளும் கறுப்பாகிக் கிடந்தன. புது வலைக்கு வழியில்லை. கிருஷ்ணாயில் என்கிற மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தால்தான் அந்தப் பிசின் இளகும். குப்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முழங்கைவரை கிருஷ்ணாயிலில் நனைத்துத் தேய்த்தார்கள். முதல் வாரம் அங்காளம்மாளுக்குத் தலை வெடித்தது. மூன்றாம் வாரம் எல்லாம் சரியாகிவிட்டது. வலையைத் தூக்கி முகர்ந்து பார்த்து, "வாடையே போயிடுச்சு பாரு" என்று தேசிங்கிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு ஆம்பூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மருமகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு மீன் விருந்து. அங்காளம்மாள் ஜான்சனின் பெட்டியிலிருந்து நல்ல கொடுவா மீனாகப் பொறுக்கி எடுத்துப் போனாள். செவுளைத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்துத் தலையாட்டினாள். வழக்கமாக வெட்டிக் கொடுப்பதோடு சரி. அன்று விசேஷம் என்பதால் பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, தன் கையாலேயே மஞ்சள் போட்டுப் பிசறி, அலசி, ஊறவைத்தும் கொடுத்தாள்.

"சம்மந்தியாளுங்க ஊருக்குப் போயும் இந்தக் கொழம்பைப் பத்திப் பேசிக்கினு இருப்பாங்க பாருங்க டீச்சரம்மா."

பேசத்தான் பேசினார்கள்.

மறுநாள் காலையில் அங்காளம்மாள் குரல் கொடுத்தபோது டீச்சர் கையில் பாத்திரம் இல்லாமல் வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"குழம்பு பூரா மண்ணெண்ணெய் நாத்தம் அங்காளம்மா. ஆக்கும்போது மசாலா வாசனையில எனக்குத் தெரியல. ஒரு வாய் வச்சதும் சம்பந்தி தட்டைத் தள்ளிட்டார். மாசமா இருக்கிற பொண்ணுக்கு இதைத்தான் போடறீங்களான்னு எல்லார் எதிர்லயும் கேட்டார். நான் எங்க போய் முகத்தை வச்சிக்கிறது?"

டீச்சரும் மற்றவர்களைப் போல ஒரு சாக்குக் கண்டுபிடித்துவிட்டாரோ என்றுதான் அங்காளம்மாளுக்கு முதலில் தோன்றியது. ஆனால் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அந்த நினைப்பு ஓடிப்போயிற்று. அப்படியானால் ஜான்சன்! கறுப்புத் தண்ணீர் மீனைக் கலந்துவிட்டான்! கூடையை அங்கேயே வாசலில் வைத்துவிட்டு, வெயிலில் நேராகப் பட்டினப்பாக்கத்துக்கு நடந்தாள்.

"டேய் ஜான்சா! யாருகிட்ட வேலையக் காட்டுற? உன்னை நம்பி ஒரு வாயும் வயிறுமா கீற பொண்ணுக்குப் போட்டேனேடா!"

கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஜான்சன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாதா சத்தியமா சொல்றேன்க்கா, அது தெற்கத்தி மீனு. அதே பொட்டியில இருந்த கொடுவாதான் எங்க வூட்லயும் கொழம்பு. என் பசங்க தின்னுட்டு நல்லா கீதுங்க."

"பொய் சொல்லாத. வாடை வந்துச்சுன்றாங்க."

"மீனை நீதானே மோந்து எடுத்த? அப்ப வந்துச்சா?"

"வரல. அதான் கேக்குறேன்."

ஜான்சனுக்குச் சட்டென்று ஏதோ பொறி தட்டியது. கீழே கிடந்த ஒரு பழந்துணியை எடுத்து நீட்டினான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாரு. இன்னா வாடை?"

வாங்கினாள். மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

"இன்னா வாடை வரும்? ஒண்ணுமில்ல. தண்ணியில அலசின துணி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது. துணியிலிருந்து கிருஷ்ணாயில் அவள் புறங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சினைத் தொடைச்ச துணிக்கா" என்றான் ஜான்சன் மெதுவாக. "நீ பக்கத்துல வந்தாலே கொஞ்ச நாளா இந்த வாடைதான். உன் கைதான்க்கா. நீ சண்டைக்கு வருவேன்னு யாரும் சொல்லல."

அங்காளம்மாள் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. உலகத்தில் அத்தனை பேரையும் சோதித்தவள் இந்த இரண்டு கையைச் சோதிக்கவில்லை. அவமானத்தில் காது எரிந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். கடல்தான் கெட்டுக் கிடக்கிறது, அதன் தலையில் போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஜான்சன் தலையில் போட்டாலும் எடுபடும். ஆனால் டீச்சர் சம்பந்தி முன்னால் தலைகுனிந்து நின்றது அவள் நெஞ்சை அறுத்தது. மறுபடியும் மந்தைவெளிக்கு நடந்தாள்.

"மீன் நல்ல மீனுதான் டீச்சரம்மா" என்றாள் வாசலில் நின்றே. "என் கைதான் நாத்தம். வலை தொடைச்சுத் தொடைச்சு ஏறிக்கிச்சு. சம்மந்தியாளுங்க நம்பர் குடுங்க, நானே சொல்றேன். உங்க மேல தப்பில்லன்னு சொல்றேன்."

டீச்சரின் முகம் இளகியது. "அப்ப மீன்ல எண்ணெய் இல்லியா? அல்லாஹ்! நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல." அவள் தோளைத் தொட வந்த கை, நடுவில் நின்றது. "ஏம்மா, உன் கை உனக்கே நாறலையா?"

"மூக்கு போயிடுச்சும்மா. ஒண்ணுமே தெரியல."

"எத்தனை நாளா?"

அங்காளம்மாள் வாயைத் திறந்தாள். நேற்றிலிருந்தா? போன வாரத்திலிருந்தா? தலைவலி நின்றதே, அன்றைக்கே போய்விட்டதா? அன்றிலிருந்து தினமும் சங்கராவும் வவ்வாலும் நெத்திலியுமாக மீன்களை முகர்ந்து முகர்ந்து, தலையாட்டி, இந்த வீட்டுப் பாத்திரத்தில் போட்டிருக்கிறாள். அவற்றில் எது நல்லது, எது கெட்டது?

"தெரியலம்மா" என்றாள்.

உள்ளே கூடத்தில் ரிஸ்வானா எழுந்து நின்றாள். அவள் கை வயிற்றின் மேல் போனது. டீச்சர் மகளைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அங்காளம்மாளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அங்காளம்மாளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் ஊரையே அவள் பார்த்த பார்வை அது.

ஒண்ணும் ஆவாது, நம்புங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.